கஞ்சாவாக இருக்க வேண்டும்

என் கணவரைக் கஞ்சாவுடன் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன். செய்தியோடு வந்தவர் அவர் கொண்டக்டராக இருந்த பஸ்ஸின் றைவர். வகுப்பு வாசலில் நின்று, உள்ளே வராமல், கையை மட்டும் அசைத்துக் கூப்பிட்டார். அந்த நாட்களில் பள்ளிக்கூட நேரத்தில் ஒருவர் வந்து அப்படிக் கூப்பிட்டால் சாவுச் செய்தி என்றுதான் நினைப்போம். வெண்கட்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே போனேன்.

"டீச்சர், பதறாதீங்க. ஆள் நல்லா இருக்கார். பொலிசில வெச்சிருக்காங்க. கஞ்சாக் கேஸ்."

"ஆருக்குக் கஞ்சாக் கேஸ்?"

"அவருக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் கணவர் சிகரெட் தொடாதவர். வெற்றிலைகூடப் போடமாட்டார். வாய் சிவந்திருக்கிற கொண்டக்டரைச் சனம் மதிக்காது என்பது அவருடைய எண்ணம். சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு அந்த வழக்கு எப்படி ஒட்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் தன்னாமுனையில், எனக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவருடைய பஸ் நகரத்திலிருந்து ஓட்டமாவடிக்குப் போகும். நிலைமை சுமாராக இருந்தால் அதற்கு அப்பாலும் போகும். வழியில் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் சனம் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். வெறும் பஸ்ஸை ஆமிக்காரர்கள் ஏறிச் சோதிப்பார்கள். அன்றைக்கு அப்படிச் சோதித்தபோது பின் சீற்றுக்குக் கீழே சாக்கில் சுற்றிய ஒரு பார்சல் கிடந்திருக்கிறது. சனத்தை வரிசையில் நிற்க வைத்து, யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒருத்தரும் வாய் திறக்கல்ல டீச்சர். ரெண்டாந்தரமும் கேட்டான். மறுகா அவர் கையத் தூக்கி, என்ட எண்டு சொல்லிற்றார்."

"அவரே சொன்னாரா?"

"ஓம். நான் பக்கத்தில நிண்டனான். வெட்டிப் பாத்தா கஞ்சா. நல்ல காலம் டீச்சர், கஞ்சாவாப் போயிற்று."

றைவர் அதை நல்ல காலம் என்றது ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். டோர்ச் பற்றறி, மருந்து, வயர் என்று எத்தனையோ சாமான்களை வாவிக்கு அப்பால், இயக்கம் இருந்த பக்கம் கொண்டுபோகத் தடை இருந்தது. பார்சலுக்குள் அப்படி ஏதாவது இருந்திருந்தால் அவரை நேரே ஆமி முகாமுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். முகாமுக்குப் போனவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. கஞ்சா என்றதும் ஆமிக்காரர்கள் சிரித்துவிட்டு அவரைப் பொலிசிடம் கொடுத்துவிட்டார்களாம்.

அதிபரிடம் சொல்லிவிட்டு, றைவரின் சைக்கிள் கரியரில் ஏறிப் பொலிசுக்குப் போனேன். வழி முழுக்க எனக்கு வெட்கமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதிரே வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் "என்ன டீச்சர் இந்த நேரத்தில?" என்று கேட்டார். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் ஒரு வேலை என்று பொய் சொன்னேன்.

பொலிசில் இருந்த சார்ஜன்ட் மெலிந்த, கண்ணாடி போட்ட சிங்களவர். முன்பு வேறு தமிழ் ஊர்களில் வேலை செய்தவர், தமிழை ஒருமாதிரிச் சமாளிப்பார். எனக்கு ஒரு கதிரையைக் காட்டினார். மேசையில் அந்தப் பார்சல் பிரிந்து கிடந்தது. பச்சையும் மண்ணிறமுமாகக் காய்ந்த இலை, காம்பு, சின்னச் சின்ன விதைகள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த வைக்கோலுக்கு ஒரு மணம் இருக்குமே, அதோடு வேறு ஏதோ சேர்ந்த மாதிரி மணந்தது. நான் கஞ்சாவைக் கண்ணால் கண்டது அதுதான் முதல் தரம். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

"டீச்சர் அழ வேணாம்," என்றார் சார்ஜன்ட். நான் அழவில்லை. "நான் ஒண்டு சொல்றது, கேளுங்க. கேம்புல இவர கேக்குது. பஸ்ஸில கடிதம் கொண்டு போற வாற எண்டு ஒரு தகவல். உண்மையா பொய்யா எனக்கு தெரியாது. நான் கஞ்சா கேஸ் போட்டா நாளைக்கு கோர்ட். கோர்ட்டுக்கு போனா மறியல், ஜெயில். மறியலில புத்தகத்தில பேர் இருக்கு. பேர் இருந்தா ஆள் இருக்கு. விளங்குதா?"

"விளங்குது," என்றேன். ஒன்றும் விளங்கவில்லை. இந்த மனிதர் எனக்கு உதவி செய்கிறாரா, அல்லது தன் வழக்கைச் சுலபமாக்கிக்கொள்கிறாரா? அவருடைய முகத்தைப் பார்த்து அறியலாம் என்று பார்த்தேன். கண்ணாடியில் யன்னல் தெரிந்தது.

என் கணவர் உள்ளே, கம்பிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றார். சட்டை கசங்கவில்லை. என்னைக் கண்டதும், "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ஏன் என்ட எண்டு சொன்னீங்க?"

"மறுகா கதைப்பம்."

"அது உங்கடயா?"

"மறுகா கதைப்பம் எண்டு சொன்னன்தானே."

அன்று பின்னேரமே ஒரு சட்டத்தரணியைத் தேடிப் போனேன். காத்தான்குடிக்காரர், நரைத்த தாடி, வாசலிலேயே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கதையை முழுக்கக் கேட்டார். சார்ஜன்ட் சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. குற்றத்த ஒத்துக்கிட்டா நீதவான் தண்டம் அடிப்பார். கட்டினா நாளைக்கே வெளிய வந்திருவார். வெளிய வந்தா எங்க போவார்?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குப் போய்ச் சேர விடுவாங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"குற்றமில்லை எண்டு சொல்லுவம். சொன்னா, அந்த இலையில ஒரு மாதிரி எடுத்துக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பணும். பாதை கிடக்கிற கிடைக்கு அறிக்கை வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அவர் மறியலில. நான் பிணை கேக்கமாட்டன்."

பிணை கேட்கமாட்டேன் என்று சொல்கிற சட்டத்தரணியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கும்பிட்டு எழுந்து வந்தேன். வாசலில் இருந்த கிழவர் ஒருவர், தன் மகனுக்குப் பிணை எடுக்க வந்தவர், "உங்கட ஆளுக்குப் பிணை கிடைக்குமாமா?" என்று கேட்டார். "இல்லையாம்," என்றேன். அவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

பிறகு பதினாலு நாளுக்கு ஒரு தடவை கோர்ட். விடுமுறைப் படிவத்தில் "சொந்த அலுவல்" என்று எழுதிக் கொடுப்பேன். அதிபர் அதைப் படிக்காமலே கையெழுத்து வைப்பார். கோர்ட்டில் பின் வரிசை வாங்கில் இருப்பேன். அவரைக் கூண்டில் ஏற்றுவார்கள். அறிக்கை வந்ததா என்று நீதவான் கேட்பார். வரவில்லை என்று பொலிஸ் சொல்லும். விளக்கமறியல் இன்னும் பதினாலு நாளுக்கு நீடிக்கப்படும். என்னைச் சுற்றி இருந்த பெண்கள் தங்கள் ஆட்கள் வெளியே வர வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர் உள்ளே போக வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். நீதவான் "நீடிப்பு" என்றதும் அவர்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். நானும் துடைப்பேன்.

பள்ளிக்கூடத்தில் கதை பரவாமல் இருக்குமா? ஒருநாள் வகுப்புக்குள் போனால் கரும்பலகையில் ஏழு விரல் மாதிரி ஒரு இலை கீறியிருந்தது. நன்றாகவே கீறியிருந்தார்கள். "இது ஆர் கீறினது?" என்று கேட்டேன். முப்பது பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழித்துவிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன், கோபப்பட்டிருக்க வேண்டுமா என்று. என் கணவர் எங்கேயோ தெரியாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளைகள் என்னைக் கண்டு பயந்து ஒதுங்கியிருக்கும். கேலி பண்ணுகிற அளவுக்கு விசயம் லேசாகிவிட்டது என்று சந்தோசப்படுவதா? எனக்குத் தெரியவில்லை.

மறியலுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். சோறு, மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். கதவில் நிற்கிற காவலாளி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் என்னைச் சாப்பிட்டுக் காட்டச் சொல்வான். காட்டுவேன். முதல் தடவை போனபோது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று மறுபடி கேட்டேன்.

"இப்பவாவது சொல்லுங்க. ஏன் கையத் தூக்கினீங்க?"

"அவன் சிங்களத்தில என்னமோ கேட்டான். பஸ்ஸுக்கு ஆர் பொறுப்பு எண்டு கேக்கிறான் எண்டு நெனச்சன். தூக்கினன்."

அது நம்பக்கூடியதாக இருந்தது. எனக்கும் சிங்களம் தெரியாது. நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி இறங்கிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது அவர் தானாகவே அந்தக் கதையை எடுத்தார்.

"வரிசையில மூணு பொடியனுகள் நிண்டானுகள். முகமெல்லாம் வெளிறிப்போய். ஒருத்தரும் ஒத்துக்காட்டி அவனுகளத்தான் ஏத்தியிருப்பாங்க."

"அப்ப அவன் கேட்டது உங்களுக்கு விளங்கினதா?"

"விளங்கினதும் விளங்காததும்."

"பார்சல் ஆர்ட?"

"எனக்குத் தெரியா. சத்தியமாத் தெரியா."

சத்தியம் என்ற சொல்லை அவர் எளிதில் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

உள்ளே அவர் கொழுத்துப்போனார். நல்லாய் நித்திரை வருகிறது என்றார். வெளியில் இருந்தபோது நாய் குரைத்தால் எழும்பி உட்காருகிறவர், "இங்க ஒருத்தனும் கதவத் தட்டமாட்டான். கதவே அவங்கடதானே," என்று சிரித்தார். நான் வீட்டில் தனியாக, ஒவ்வொரு சைக்கிள் சத்தத்துக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். ஒரு தடவை அவர் வலைக்கு அந்தப் பக்கம் வருமுன்னே அவருடைய குரல் கேட்டது. காவலாளியோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டு வந்தார். கடகடவென்று, தயக்கமே இல்லாமல்.

"எப்ப படிச்சீங்க?"

"இங்க வந்துதான். நாள் முழுக்க வேற என்ன வேல?"

நாலு மாதத்தில் ஒரு மொழியை அப்படிக் கதைக்க வருமா? வரலாம். அல்லது பஸ்ஸில் தினமும் சென்றி ஆமிக்காரரோடு பட்டுப் படித்ததாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். அவரைக் கேட்டால் இன்னொரு பதில் வரும். அதனால் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் றைவரைப் பிடித்தார்கள். பஸ்ஸிலேயே வைத்து இறக்கி, முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது நாள். திரும்பி வந்தபோது அவருடைய வலது கை விரல்கள் மடங்கவில்லை. நான் பார்க்கப் போனேன். ஒரு சைக்கிளைக்கூடப் பிடிக்க முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன கேட்டாங்க?" என்றேன். "கடிதம் ஆர் தந்தது எண்டு கேட்டாங்க. ஒரு கடிதமும் இல்லையே டீச்சர், நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அவருடைய மனைவி எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. நான் எழும்பி வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னா:

"உங்கட அவருக்கென்ன. மறியலில குந்தியிருந்து சாப்பிடுறார்."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து முதன்முதலாக அழுதேன். எங்கள் ஆள் தப்பியதற்கா, அந்த ஆள் அகப்பட்டதற்கா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கஞ்சா வழக்கு இல்லாவிட்டால் இரண்டு பேரையும் ஒன்றாகக் கொண்டுபோயிருப்பார்கள். அல்லது என் கணவரைக் கேட்டுக் கிடைக்காததால்தான் றைவரைக் கொண்டுபோனார்களா? இந்த இரண்டாவது எண்ணம் வந்தபோது அதைத் தள்ளிவிட முயன்றேன். அது போகவில்லை.

அந்தக் கிழமைதான் மச்சாள் வந்தா. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. மண்டூருக்குப் போய் முருகனிடம் நேர்த்திக்கடன் வைப்போம் என்றா. குருமண்வெளித் துறையில் அடையாள அட்டையைக் காட்டி, பெயரைப் பதிந்து, வாவியைக் கடக்கிற மிதவையில் ஏறினோம். அதை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. நடு வாவியில் மச்சாள் கேட்டா:

"என்னண்டு கா நேர்த்தி வெக்கிற? வழக்கு வெல்லணும் எண்டா, தோக்கணும் எண்டா?"

நான் சட்டத்தரணி சொன்னதை விளக்கினேன். அறிக்கையில் கஞ்சா என்று வந்தால் வழக்கு நடக்கும், அது முடிந்து தண்டனை சொல்லும்வரை இன்னும் கொஞ்சக் காலம் உள்ளே இருப்பார். கஞ்சா இல்லை என்று வந்தால் உடனே விட்டுவிடுவார்கள்.

"அப்ப கஞ்சாவா இருக்கணும் எண்டு கேப்பமா?" மச்சாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "முருகனிட்டயா?"

மண்டூரில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் வெளியில் கேட்காமல், திரைக்குப் பின்னால்தான் செய்வார். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. யாரும் சத்தமாக ஒன்றும் சொல்லாத அந்த இடத்தில் நானும் கண்ணை மூடி மனதுக்குள் சொன்னேன். முருகா, அது கஞ்சாவாக இருக்க வேண்டும். என் புருசன் குற்றவாளியாக வேண்டும். ஆனால் அவர் குற்றம் செய்யாதவராகவும் இருக்க வேண்டும். அப்படி நடந்தால் திருவிழாவுக்கு வந்து அவர் உன் வீதியில் உருளுவார். கண்ணைத் திறந்தபோது மச்சாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. "கேட்டிட்டியா?" என்றா. "கேட்டிட்டன்," என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விபூதி பூசிக்கொண்டோம்.

ஏழாம் மாதம் அறிக்கை வந்தது. அன்று கோர்ட்டில் கூட்டம் அதிகம். நீதவான் கடித உறையைப் பிரித்துப் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். மொழிபெயர்ப்பாளர் எழும்பி நின்று, பாடம் ஒப்புவிக்கிறவர் மாதிரி தமிழில் சொன்னார்:

"அனுப்பப்பட்ட மாதிரியில் கஞ்சா காணப்படவில்லை."

சார்ஜன்ட் எழும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. நீதவான் அவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். என் கணவரை விடுதலை செய்திருப்பதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அவர் கூண்டிலிருந்து இறங்கவில்லை. இறங்கு என்று கையால் காட்டினார்கள். அப்போதும் ஒரு நிமிசம் நின்றுவிட்டுத்தான் இறங்கினார்.

சட்டத்தரணி என் பக்கம் வந்தார். "வெண்டிட்டம் புள்ள," என்றார், செத்த வீட்டில் கதைக்கிற குரலில்.

"சேர், அது கஞ்சாதானே? நான் பாத்தன். மணந்தது."

"எனக்கென்ன தெரியும்? கஞ்சாவுக்கும் காஞ்ச புல்லுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியா. நான் கறுத்தக் கோட்டப் போட்டுட்டுக் கதைக்கிற ஆள்." அவர் யன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துவிட்டு வந்தார். "ரோட்டில ஒரு ஆமி வாகனம் நிக்குது. எதுக்கு எண்டு தெரியல்ல. கொஞ்சம் இருந்து போங்க."

இருந்தோம். வாங்கில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில். ஏழு மாதத்துக்குப் பிறகு வலை இல்லாமல் அவரைத் தொடக்கூடிய தூரத்தில் இருந்தேன், தொடவில்லை. மற்ற வழக்குகள் நடந்தன. ஒரு மாட்டுத் திருட்டு. ஒரு வேலித் தகராறு. மத்தியானம் ஆனது. கோர்ட் கலைந்தது. சட்டத்தரணி வேறு அலுவலாகப் போய்விட்டார். வாசலில் நின்ற பியோன் திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, பூட்டணும்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று கேட்டார் என் கணவர்.

பியோனுக்கு அது விளங்கவில்லை. இத்தனை வருசத்தில் விடுதலையான எவரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். "வழக்கு முடிஞ்சுதே ஐயா. போங்க, வீட்ட போங்க," என்று அன்பாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தோம். ஆமி வாகனம் வாவிக்கரையோரம் மர நிழலில் நின்றது. பின்னால் நாலைந்து பேர் இருந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குடையை விரித்துப் பிடித்தேன், அவரை மறைக்கிற மாதிரி.  அவர்களைத் தாண்டி நடந்தோம். ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். பழத்தோலை வாவிக்குள் எறிந்தான். அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்குப் போய், பஸ் ஏறி, தன்னாமுனையில் இறங்கி, வீட்டுக்கு வந்தோம். யாரும் மறிக்கவில்லை.

அன்றும் யாரும் அவரைத் தேடி வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. ஒரு மாதம் அவர் மச்சாள் வீட்டில் போய் இருந்தார், அங்கேயும் யாரும் தேடிப் போகவில்லை. அப்படியானால் சார்ஜன்ட் முதல் நாள் சொன்னது உண்மையா? முகாமில் அவரைக் கேட்டார்களா இல்லையா? கேட்டிருந்தால் ஏன் வரவில்லை? கேட்கவில்லை என்றால் றைவரின் கை? இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், மறந்திருந்தவனுக்கு நினைவு வந்துவிடுமே.

வீட்டில் அவர் விடியற்காலையில் எழும்பி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சுவரோரம் போய் நிற்பார். மறியலில் அந்த நேரத்தில் ஆட்களை எண்ணுவார்களாம். "என்ன நிக்கிறீங்க?" என்று கேட்டால், "சும்மா," என்பார். கொஞ்ச நாளில் அது நின்றது.

நேர்த்தி விசயத்தில் எனக்கும் மச்சாளுக்கும் வாக்குவாதம் வந்தது. கேட்டது நடக்கவில்லை, அதனால் கடன் இல்லை என்றேன். ஆள் வந்துவிட்டார், அதனால் கடன் உண்டு என்றா மச்சாள். "நீ கேட்டதே பிழை. பிழையாக் கேட்டதச் சரியா விளங்கி அவன் செஞ்சிருக்கான்," என்றா. கடைசியில் திருவிழாவுக்கு மூவரும் போனோம். அவரிடம் காரணம் சொல்லாமல் உருளச் சொன்னோம். உருண்டார். ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.

டிப்போவில் ஒரு விசாரணை வைத்து, பிறகு வேலைக்கு எடுத்தார்கள். பழைய பாதையில் விடவில்லை, நகரத்துக்குள் ஓடுகிற பஸ். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் கஞ்சா என்று பட்டம் வைத்தார்கள். "கஞ்சா அண்ணன், ஒரு டிக்கட்," என்று பொடியனுகள் கேட்பார்களாம். அவர் சிரித்துக்கொண்டு கிழித்துக் கொடுப்பாராம். சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார்ஜன்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். யூனிபோம் இல்லை. கையில் ஒரு பை தோடம்பழம். தெற்கில் தன் ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்திருக்கிறது, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். என் கணவர் கடைக்குப் போயிருந்தார். கதிரையைக் கொடுத்தேன். பழப்பையைக் காலடியில் வைத்தார்.

"டீச்சர், நான் இருபது வருசம் கஞ்சா பிடிச்ச ஆள். அது கஞ்சா."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சிது."

"பிறகு எப்பிடி இல்லை எண்டு வந்தது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க வேண்டும் என்று நான் ஒரு வருசமாக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கத்தான் பழத்தோடு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க மாத்தல்லையா?" என்று கேட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

"நானா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் நினைச்சது உங்கட லோயர் எண்டு. இல்லாட்டி நீங்க."

"நானா?"

அவர் கண்ணாடியை மீண்டும் போட்டுக்கொண்டார். கொழும்புக்குப் போகிற வழி நீளம், எங்கே என்ன நடந்ததோ என்றார். யாருக்காவது அந்த இலை தேவைப்பட்டிருக்கும் என்றார். அல்லது இருட்டில் பை மாறியிருக்கும் என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த நேரம் என் கணவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தார். சார்ஜன்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சிங்களத்தில் ஏதோ சொன்னார். சார்ஜன்டும் எழும்பி அதே மாதிரி ஏதோ சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். குசினிக்குள் அவர்களுடைய கதை கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. இடையில் சிரித்தார்கள். ஒரு தடவை என் கணவர் தொடையில் அடித்துச் சிரித்தார், அப்படி அவர் சிரித்து நான் கண்டு நெடுநாள். தேத்தண்ணியோடு நான் வந்ததும் இருவரும் ஒரு கணம் நிறுத்தினார்கள். சீனி போதுமா என்று கேட்டேன். போதும் என்றார் சார்ஜன்ட், தமிழில். பிறகு மறுபடி தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். போகும்போது சார்ஜன்ட் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

அவர் தெருவைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன கதைச்சீங்க ரெண்டு பேரும்?"

"சும்மா. அவர்ட ஊர்ல இந்தமுறை மழை இல்லையாம். வயலெல்லாம் காஞ்சு கிடக்காம்."

"அதுக்கா அவ்வளவு சிரிச்சீங்க?"

அவர் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்தார். பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். வாயில் வைத்தேன். பல் கூசுகிற புளிப்பு.

"இனிப்பா இருக்கு என்ன?" என்றார்.

"ஓம்," என்றேன்.